தோர்ணக்கல் தந்த தைரியம்

ஹைதராபாத்திலிருந்து சென்னைக்குப் புறப்படும் இரவு ரயிலில் ஏறாதவர் நம்மவரில் அநேகமாக எவருமிலர். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும், ஊரில் திருமணம் என்றாலும் இழவு என்றாலும், நாம் நாடுவது அந்த வண்டியைத்தான். வாரங்கல் கழிந்து, கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டு முடித்து, படுக்கையை விரித்துக் கண்ணயரும் வேளையில் வண்டி ஒரு சந்திப்பு நிலையத்தைக் கடந்து செல்கிறது. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களை நோக்கிக் கிளைப்பாதை பிரியும் இடம் அது. பெயர் தோர்ணக்கல். பதினெட்டு ஆண்டுகளாக அவ்வழியே போய்வந்தும் நாம் ஒரு முறையேனும் எட்டிப் பார்த்ததில்லை. நம்மைப் போலவே தென் கோடியிலிருந்து வேற்றுமொழி நாட்டுக்கு வந்த தமிழர் ஒருவர், முப்பத்தைந்து ஆண்டுக் காலம் அந்தச் சிற்றூரில் வாழ்ந்து, அங்கேயே கண் மூடினார் என்பதை அறிந்த பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்க மனம் வந்தது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. பனையும் செம்மணலும் நிறைந்த தேரிக்காட்டுப் பூமி. தந்தையார் கிராமத்துக் குருவானவர். மகன் பள்ளிப் பிள்ளையாக இருக்கையிலேயே காலமானார். அன்னையாரின் கண்டிப்பில் வளர்ந்த மகன் திருநெல்வேலியிலும் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். இறுதித் தேர்வு வேளையில் நோயுற்றமையால் பட்டம் பெறாமலே வெளியேறினார். கலைப்பட்டம் ஒன்றைப் பெற்றுச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நம் போன்றோர் இதைச் சற்றே நாணத்துடன் குறித்துக்கொள்ளலாம். 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரைத் தானே அழைத்துச் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்தது.

1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் பிற இடங்களுக்கு ஊழியர்களை அனுப்பி வைப்பதைக் கண்டார். திருநெல்வேலியில் அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியான கிறிஸ்தவர்கள் இருந்தும் அத்தகைய முயற்சி ஒன்றும் இல்லையே என்ற எண்ணம் அவரை வாட்டியது. மறு ஆண்டு பிப்ரவரித் திங்களில், நண்பர்களுடன் கூடிப் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவினார். பணமும் இந்தியருடையது; ஆளும் இந்தியர்; நிர்வாகமும் இந்தியர் கையில். அந்நாளில் இது சிறு செயலன்று. ஆலயத்தின் ஓடு முதல் ஆசிரியரின் சம்பளம் வரை வெள்ளைக்காரச் சங்கங்களே வழங்கி வந்த காலம் அது. சங்கம் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் சமஸ்தானத்தில் தோர்ணக்கலைச் சுற்றியிருந்த தெலுங்குக் கிராமங்கள். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் இருப்பது முறையாகுமா என்ற கேள்வி அசரியாவைத் தொடர்ந்தது. 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

முப்பத்தைந்து வயதில் புது மொழி கற்பது எத்தகைய பாடு என்பதை இந்நகரத்துக்கு மாற்றலாகி வந்த ஒவ்வொருவரும் அறிவர். எழுத்து உருண்டையாகத் தெரியும். சொல்லில் பாதி புரிந்தது போலிருக்கும். வாயைத் திறந்தால் கடைக்காரர் சிரிப்பார். 'செப்பண்டி', 'சூடண்டி' என்ற இரு சொற்களோடு பத்து ஆண்டுகளை ஓட்டிவிட்ட தமிழன்பர்கள் நம் குடியிருப்பிலேயே உண்டு. அசரியா தெலுங்கைக் கற்றார். அதில் பிரசங்கம் செய்தார். மரத்தடியில் அமர்ந்து மக்களின் வழக்குகளைக் கேட்டார். அவருடைய துணைவியார் அன்பு அம்மையார், கல்லூரிக் கல்வி பெற்ற தமிழ்ப் பெண்மணி, கிராமத்துப் பெண்களிடையே அதே மொழியில் பணி செய்தார்.

அவருடைய துணிவைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக முதலில் எடுத்துரைப்பது எடின்பரோ நகரின் நிகழ்ச்சியை. 1910ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அங்கே உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அங்கே அசரியா எழுந்து, வெள்ளைக்கார மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே நிலவிய உறவைப் பற்றிப் பேசினார். நீங்கள் எங்களுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உடலை வருத்தினீர்கள், உயிரையும் ஈந்தீர்கள். ஆனால் எங்களுக்கு நண்பர்களாக வரவில்லையே என்பது அப்பேச்சின் சாரம். வீட்டுக்கு அழைத்து நாற்காலி கொடுப்பதும் கை குலுக்குவதும் உடன் உண்பதும் தம்மளவில் பெரிதல்ல, அவை உள்ளன்பின் அடையாளமாக இருந்தால் மட்டுமே பொருளுண்டு என்றும் அவர் விளக்கினார். கேட்டவரிற் சிலர் முகம் சுளித்தனர். சோறிட்டவர் வீட்டில் குறை சொல்லலாமா என்ற பழைய வாதம் அங்கேயும் எழுந்தது. ஆனால் குறை சொன்னவரின் குரலில் வெறுப்பு இல்லை என்பதே அப்பேச்சை இன்றளவும் நினைக்கச் செய்கிறது. அவருடைய உயிர்த்தோழர்களில் ஒருவர் ஷெர்வுட் எட்டி என்ற அமெரிக்கர். அவரை உயர்த்த முன்னின்றவர் சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயர்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கலின் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவர்தாம். இந்தியர் ஒருவரின் கீழ் வெள்ளையர் பணி செய்வதா என்று ஒரு சாரார் எதிர்த்தனர். அது எதிர்பார்த்ததே. அவரது சொந்தத் திருநெல்வேலியிலிருந்தே எதிர்ப்பு மனு சென்றது என்பதுதான் நம் மனத்தை உறுத்துகிறது. அதில் சாதியும் ஒரு காரணமாக இருந்தது. வெளியாரின் எதிர்ப்பை எதிர்த்து நிற்பது எளிது. உள்ளூராரின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்டு, அவர்களிடமே காணிக்கை கேட்டு, அதைக் கொண்டு அயல்நாட்டு ஏழைக்குப் பணி செய்வது வேறு வகைத் துணிவு.

இங்கே நம் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல இடம் தர வேண்டும். நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகிறோம். ஒரு சொல் கிடைத்தால் அதைப் புரட்டிப் பார்க்காமல் விடும் வழக்கம் நமக்கில்லை. ஆங்கில வேதாகமம் ஓரிடத்தில் துணிவு என்ற பொருளிலும் மற்றோரிடத்தில் உறுதியான நம்பிக்கை என்ற பொருளிலும் இரு வேறு சொற்களை வழங்குகிறது. மூலமான கிரேக்கத்தில் அவ்விரு இடங்களிலும் உள்ளது ஒரே சொல்: பர்ரேசியா. எல்லாவற்றையும் சொல்லுதல் என்பது அதன் நேர்ப்பொருள். அதென்ஸ் நகரத்துக் குடிமகன் மன்றத்தில் எழுந்து மனத்திலுள்ளதை ஒளிக்காமல் பேசும் உரிமைக்கு அவர்கள் இட்ட பெயர் அது. கல்வியற்ற மீனவராகிய பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று பேசியபோது கண்டவர் வியந்ததும் அதைத்தான். 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம் இதைத் தைரியம் என்று பெயர்த்தது. தெலுங்கிலும் அதே வடசொல் 'தைர்யமு' ஆக நிற்கிறது. உருதுவில் 'திலேரீ', அதாவது நெஞ்சுடைமை. எல்லாவற்றையும் சொல்லுதல் என்ற மூலப்பொருள் மூன்றிலும் சற்று மறைந்துவிட்டது. அதற்கு நேரான ஒரு தமிழ்ச் சொல்லை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆராய்ச்சி நமக்குச் சுகமாகவே இருந்தது. சொல்லை ஆராய்வது அதன்படி நடப்பதைவிட இலகுவன்றோ!

நம் அலுவலகத்தில் நாம் ஒரு கிறிஸ்தவன் என்பது எல்லாருக்கும் தெரியும். டிசம்பரில் கேக்கு கொண்டுவருபவன் என்ற அளவில் தெரியும். நண்பகலில் உணவுப் பாத்திரத்தைத் திறந்ததும் கண்ணை மூடாமலே மனத்துக்குள் ஜெபித்துவிடும் கலையில் நாம் தேர்ந்திருந்தோம். எவரும் தடுக்கவில்லை, எவரும் கேலி செய்யவில்லை; நாமே அஞ்சினோம். நமக்கு அடுத்த மேசையில் ஓர் உருது மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பிற்பகல் தொழுகை நேரம் வந்ததும் கோப்பில் ஒரு நூலைச் செருகி மூடுவார், எழுவார், பத்து நிமிடத்தில் திரும்புவார், விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அதில் ஆரவாரமும் இல்லை, மன்னிப்புக் கேட்கும் பாவனையும் இல்லை. ஹைதராபாத்தில் இதற்கு எவரும் வியப்பதில்லை. பல சமயத்தார் நானூறு ஆண்டுகள் அருகருகே வாழ்ந்த நகரத்தின் பழக்கம் அது. அவரைப் பார்த்துப் பார்த்தே நாம் கண்ணை மூடி ஜெபிக்கப் பழகினோம் என்று சொன்னால் நம் குருவானவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என நம்புகிறோம்.

ஆனால் கண்ணை மூடுவது எளிய பகுதி. மத்திய அரசு ஊழியர்க்கு விடுமுறைப் பயணச் சலுகை உண்டென்பது நேயர்களில் பலருக்குத் தெரியும். குடும்பத்தோடு தொலைவிடம் சென்றுவரலாம். கட்டணத்தை அரசு தரும். ஓராண்டு நாங்கள் சிலர், போகாத பயணத்துக்குப் பட்டி எழுதினோம். பயண முகவர் ஒருவர் சீட்டுகளையும் ரசீதுகளையும் ஆயத்தம் செய்து தந்தார். எல்லாரும் செய்வதுதானே என்ற ஒரு வாக்கியமே அப்போது போதுமானதாயிருந்தது. அந்தப் பணத்தில் வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி வந்தது. அதைத் திறக்கும்போதெல்லாம் நம் மனைவியார், காசுமீரக் குளிர் வருகிறது என்று நகைப்பார். நகைச்சுவைதான், ஆனால் நாள் செல்லச் செல்ல நகைக்க இயலவில்லை.

அடுத்த முறை அதே முகவர் வந்தார். நாம் கையெழுத்திடவில்லை. சமயத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நாங்கள் போகவில்லை, ஆகவே எழுத முடியாது என்று மட்டும் சொன்னோம். மதிய உணவு வட்டத்தில் நமக்கிருந்த இடம் மெல்லச் சுருங்கியது. அதுவும் பொறுக்கத்தக்கதே. பொறுக்க முடியாதது பழைய பட்டி. அதைப் பற்றி எழுதிக் கொடுப்பதா, பணத்தை வேறு எங்கேனும் தருமத்துக்குக் கொடுத்து மனத்தை ஆற்றிக்கொள்வதா என்று இரண்டு ஆண்டுகள் நாம் ஊசலாடினோம். அசரியாவின் வரலாற்றைப் படித்ததும் தோர்ணக்கலில் இறங்கியதும் அந்த இரண்டாம் ஆண்டில்தான்.

பேராலயத்தை முதலில் பார்த்தபோது, இது மசூதியோ என்று நம் பிள்ளை கேட்டான். கேள்வி நியாயமானதே. கும்மட்டங்களும் கோபுரங்களும் இஸ்லாமியக் கட்டடக் கலையை நினைவூட்டுகின்றன. உள்ளே நுழைந்தால் கல் தூண்களில் கோயில் மண்டபத்தின் சாயல். இந்நாட்டு மண்ணில் எழும் ஆலயம் இந்நாட்டுக் கட்டடமாகவே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பல ஆண்டுகள் வேலை நடந்து 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. இதே தெலங்கானாவில் 1924இல் எழுந்த மேதக் பேராலயம் மேனாட்டுக் கூர்ங்கோபுரத்துடன் வானளாவ நிற்கிறது. பஞ்ச காலத்தில் கட்டட வேலை தந்து பலரின் பசி தீர்த்த பெருமை அதற்குண்டு. சுற்றுலாப் பேருந்துகள் மேதக்குக்குப் போகின்றன. தோர்ணக்கலில் அன்று எங்களைத் தவிர வெளியூரார் எவரையும் காணோம்.

அந்தத் தூண்களிடையே அமர்ந்து நாம் எண்ணியது கட்டடத்தை அன்று. அசரியாவிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களிடம் அவர் பேசிய பகைவர்கள் நால்வர்: அழுக்கு, நோய், கடன், குடி. திருமுழுக்குப் பெறுகிற ஒவ்வொருவரும் தம் தலையில் கைவைத்து, நற்செய்தியை அறிவிக்காதிருந்தால் தமக்குக் கேடு என்னும் பொருளில் உறுதி சொல்ல வேண்டும் என்று வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி அறிவிப்பார்? வாழ்ந்துதான். கள்ளுக்கடைக்குப் போகாத மாலை, வட்டிக்காரனுக்கு அடைத்த கடன், அடி வாங்காத மனைவி. இவற்றைப் பக்கத்துத் தெருவார் கண்டனர். 1920களிலும் 1930களிலும், அதே கிராமங்களின் மேல்சாதிக் குடியானவர்கள் பலரும் திருச்சபையை நாடினர். தாழ்ந்தவர் என ஒதுக்கிய மக்களின் மாறிய வாழ்வே தங்களை ஈர்த்தது என்று அவர்களிற் பலர் கூறினர். 1935 அளவில் அப்பேராயத்தில் சுமார் 250 இந்தியக் குருமார்களும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தனர்.

இவ்வளர்ச்சி எல்லாருக்கும் உவப்பாக இருக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. மதமாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் ஆழ்ந்த கருத்து வேற்றுமை இருந்தது. இருவரும் தத்தம் நிலையில் உறுதியாக நின்றனர். நாம் இருவரையும் மதிப்பவர். அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. மற்றொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1932இல் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பின்படி இந்தியக் கிறிஸ்தவர்க்குத் தனித் தொகுதி அளித்தது. அசரியா அதை எதிர்த்தார். தனித் தொகுதி பெற்றால் திருச்சபை மற்றுமோர் அரசியல் வகுப்பாகச் சுருங்கிவிடும் என்பது அவர் வாதம். தம் மக்களுக்குக் கிடைத்த சலுகையையே வேண்டாம் என்று சொன்ன தலைவர்கள் எந்தக் காலத்திலும் சிலரே. வாகனத்தின் பின் கண்ணாடியில் வேத வசனம் ஒட்டுவதையும், ஒலிபெருக்கியை அண்டை வீட்டார் பக்கம் திருப்பி வைப்பதையும் தைரியம் என்று எண்ணுவோர்க்கு இந்த மனிதர் சற்றுப் புரியாத புதிராகவே இருப்பார்.

தோர்ணக்கலிலிருந்து திரும்பிய வாரம் நாம் அந்தக் கடிதத்தை எழுதினோம். நான்கே வரி. எத்தனையோ சட்டங்களை மொழிபெயர்த்த கைக்கு அந்த நான்கு வரி வரவில்லை. மூன்று முறை கிழித்தோம். முதலில் மனைவியாரிடம் காட்டினோம். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, பெண்ணின் கல்லூரிக் கட்டணம் ஜூனில் வருகிறதே என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை அவரே அக்கடிதத்தை நம் சட்டைப் பையில் வைத்தார்.

மேலதிகாரி நல்லவர், வருத்தத்தோடுதான் நடவடிக்கை எடுத்தார். பணம் அபராத வட்டியுடன் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது; அடுத்த சலுகை பறிபோனது; பதவி உயர்வு தள்ளிப்போனது. இவையெல்லாம் நமக்குரியவை, குறையில்லை. ஆனால் விசாரணையில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: வேறு யார் யார்? எம்முடையதை மட்டுமே சொல்ல வந்தோம் என்று விடை கூறினோம். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வெளியே நண்பர்கள் நடுக்கத்தோடு நின்றிருந்தனர். அவர்களில் சிலர் இன்றளவும் நம்மோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சிலர் முன்னைவிட நெருங்கினர். எல்லாவற்றையும் சொல்லுதல் என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் கூறினோமே. நாம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. அது அன்பினாலா, அச்சத்தினாலா? இரவில் விழிப்பு வரும்போது இக்கேள்வியும் வருகிறது. உருது மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டோம். அவர் சிறிது யோசித்து, நம் சாட்சிக்கு நாம் பொறுப்பு, பிறருடையதற்கு அவர்களே பொறுப்பு என்றார். குருவானவரிடம் கேட்டோம். அவர் உடனே விடை தராமல், பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் என்ற சொல்லுக்கு நாம் நன்றியுள்ளவர்கள்.

1945ஆம் ஆண்டின் முதல் நாளில் அசரியா தோர்ணக்கலில் காலமானார். பல சபைகளை இணைக்க அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து வந்தார். அந்த உழைப்பின் பயனாகத் தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் உருவாயிற்று. அவர் அதைக் காணவில்லை.

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவப் பெண்கள் உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்து, வேறு கலயத்தில் போட்டு வைப்பார்கள்; வாரந்தோறும் அது ஆலயத்துக்குச் சேரும். பணமில்லாதவரும் கொடுக்கலாம் என்பதற்கு இப்பிடியரிசியே சான்று. தோர்ணக்கலின் ஏழைச் சபைகளும் தானியமாகவும் கோழியாகவும் காணிக்கை படைத்தன. சிக்கந்தராபாத்தில் நாங்கள் தமிழில் ஆராதனை செய்யும் சபையில் சில வீடுகள் இவ்வழக்கத்தை இன்னும் விடவில்லை. சம்பளப் பிடித்தம் நடந்த மாதங்களில், நம் வீட்டுக் கலயத்தை இந்த வருடம் நிறுத்தி வைப்போமா என்று நாமே கேட்டுவிட்டோம். மனைவியார் விடை கூறவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தது, கை கலயத்தின் பக்கம் சென்று மீண்டது. மாதக் கடைசி ஞாயிறன்று எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கொட்டப்படும்: இவ்வூர்ச் சோனா மசூரி, ஊரிலிருந்து வந்த பொன்னி, நியாயவிலைக் கடைப் பருக்கை. சேர்த்துச் சமைத்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. ஏலத்தில் அதை வழக்கமாக எடுப்பவர் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் தெலுங்கர் ஒருவர். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆட்டுகிற மாவுக்கு எந்த அரிசியானால் என்ன என்று சொல்லிச் சாக்கைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போவார்.